சி மேஜர் பிடிச்சா 'டொக்'குனு கேக்குது: கேள்வி பதில்

கே: அண்ணா, கிடார் வாங்கி 10 நாள் ஆச்சு. சி மேஜர் கார்ட் பிடிச்சா ரெண்டு கம்பி 'டொக்'குனு செத்துப்போகுது. விரல்ல பலம் பத்தலையா?

ப: பலமெல்லாம் போதும் தம்பி, விரல் படுத்துக்கிடக்கு. மோதிர விரல் 5-வது கம்பியில 3-வது ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே இருக்கிற பட்டைகளுக்கு நடுவுல வர்ற கட்டம்), நடுவிரல் 4-வது கம்பியில 2-வது ஃப்ரெட், ஆள்காட்டி விரல் 2-வது கம்பியில முதல் ஃப்ரெட். 3-வதும் 1-வதும் விரல் வெக்காத திறந்த கம்பி. (மெல்லிசுதான் 1-வது. மேலேருந்து எண்ணிட்டு வராதீங்க!) இப்போ மொத்தமா ஸ்ட்ரம் பண்ணாம, 5-லேருந்து ஒவ்வொண்ணா மீட்டுங்க. 3-வது செத்தா அதுமேல சாயுறது நடுவிரல். 1-வது செத்தா ஆள்காட்டி. அந்த விரலோட கடைசிக் கணுவை மடக்கி, நுனியை நேரா இறக்குங்க. கிடார் கழுத்தை உள்ளங்கையால கவ்வியிருந்தா விரல் நிமிராது. கட்டைவிரலைப் பின்பக்கம் கொண்டுபோங்க. விரல் அந்தக் கட்டத்துல கிடார் உடம்புப் பக்கத்து ஃப்ரெட் பட்டையை ஒட்டி இருக்கணும், தள்ளிப்போனா எவ்வளவு அழுத்தினாலும் இரையும். இடது கை நகத்தை வெட்டியாச்சா?

கே: 6-வது கம்பியும் ஈ. சி மேஜர்லயும் ஈ இருக்கு. அப்புறம் ஏன் அதை அடிக்கக் கூடாது?

ப: சி, ஈ, ஜி சேர்ந்தாதான் சி மேஜர். அதனால ஈ அபஸ்வரம் இல்ல. ஆனா அடி ஸ்வரமா ஈ ஒலிச்சா கார்ட் சி-யில உட்காராம அந்தரத்துல நிக்கும். மோதிர விரல் நுனி 6-வதை லேசா தொட்டா போதும், கை தவறினாலும் கேக்காது.

கே: சார், நான் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவ. ஸ்வரமா சொன்னா புரியும்.

ப: ஒரு கட்டை சுருதி, அதாவது சி, வெச்சுக்கங்க. 5-வது கம்பிலேருந்து கீழே ச க ப ச க, அந்தர காந்தாரத்தோட. அதை சாதாரண காந்தாரமாக்கினா மைனர். ஒண்ணு சொல்லணும்: தம்புராவுல தானா எழும்புற காந்தாரத்தைவிட கிடார் காந்தாரம் ஒரு துளி மேலே நிக்கும். உங்க காதுக்கு உறுத்தலாம். ட்யூனர் சரின்னு காட்டினா கம்பியை முறுக்காதீங்க.

கே: விரல் நுனி எரியுதே?

ப: ஸ்டீல் கம்பி அப்படித்தான். 10 நிமிஷம் வாசிச்சு, விட்டு வாசிங்க. சில வாரத்துல தோல் தடிச்சிரும். ஆனா முதல் ஃப்ரெட்டுல கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துற கிளிப்) மாட்டி அதே பிடியைப் பிடிச்சுப் பாருங்க. சட்டுனு லேசாயிட்டா நட்டு (கழுத்து முனையில கம்பிகள் உட்கார்ற வெட்டுள்ள பட்டை) உயரம்னு அர்த்தம், ரிப்பேர்காரர் தேய்ச்சுக் குடுப்பார். என் முதல் கிடாருக்கு இந்த வியாதிதான். தெரியாம ஆறு மாசம் விரலைத் திட்டினேன்.

கே: சி-லேருந்து ஜி-க்கு மாறும்போது பாட்டே நின்னுடுது.

ப: ஜி-யை இப்போ விடுங்க. ஏ மைனருக்கு மாறுங்க. ரெண்டு விரல் அசையவே வேண்டாம், மோதிர விரல் மட்டும் 3-வது கம்பி 2-வது ஃப்ரெட்டுக்கு வரணும். நிமிஷத்துக்கு 30 தடவை தடுமாறாம மாறினதும் ஜி-க்கு வாங்க.