மெராக்கியா, அருபாவா, யூனிஃபையா? 120 பேர் உள்ள அலுவலகத்துக்கு எந்த வைஃபை வாங்கலாம்?

இரண்டு மாடி, 120 பேர், கையில் மூன்று கோட்டேஷன், அடுத்த வாரத்துக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். உங்கள் மேலாளர் ஒரு எக்செல் அட்டவணை கேட்டிருப்பார், நீங்களும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட ஆரம்பித்திருப்பீர்கள். நானும் அப்படி மார்க் போட்டவன்தான். அந்த வலியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் கம்பெனிக்கும் டீலர் இல்லை. நெட்வொர்க்கில் பெரிய சர்ட்டிஃபிகேட் வாங்கியவனும் இல்லை. ஒரு நடுத்தரக் கம்பெனியில் பிளக்கில் சொருகுகிற எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்தவன். துறை வல்லுநர்களுக்கு நான் சொல்வதில் குறை தெரியலாம், தெரிந்தால் திருத்துங்கள். ஆனால் "இதுகூடத் தெரியாமல் எப்படி வாங்கினாய்" என்று மட்டும் கேட்காதீர்கள், அதை என் மேலாளர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

எங்களுக்கு ஒரு அலுவலகம், அதை ஒட்டி ஒரு குடோன். பழைய அக்சஸ் பாயிண்ட்களை (வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டிகளை) எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மூன்று கம்பெனிகளின் டேட்டா ஷீட்டையும் பிரிண்ட் எடுத்து, வேகம், ஆன்டெனா எண்ணிக்கை, ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணையலாம் என்று வரிசையாக எழுதி, மொத்த மதிப்பெண் அதிகமாக வந்ததை வாங்கினேன். டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும் ஜிகாபிட் கணக்கு, அதில் இருக்கும் எல்லா ரேடியோவின் உச்சபட்ச வேகத்தையும் கூட்டிப் போட்டது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு லேப்டாப் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு ரேடியோவோடுதான் பேசும், அந்த ரேடியோவையும் பக்கத்தில் இருக்கும் முப்பது பேரோடு பங்கு போட்டுக்கொள்ளும். அந்த எண் கடை வாசலில் தொங்கும் போர்டு மாதிரி.

அலுவலகத்தில் பெரிய புகார் இல்லை. குடோனில்தான் ஆரம்பித்தது. பார்கோடு ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ரேக்கிலிருந்து அடுத்த ரேக்குக்கு நடந்தால் இணைப்பு அறுந்துவிடும், மறுபடி வர அரை நிமிஷம், சில நேரம் ஸ்கேனரையே ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் சிக்னல் ஃபுல். "ஸ்கேனர்தான் பழசு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அங்கே வேலை பார்க்கும் ஒருவர் என்னைக் கூப்பிட்டு தரையைக் காட்டினார். சாக்பீஸால் அங்கங்கே பெருக்கல் குறி. "சார், இந்தக் குறியில நின்னு கையைத் தூக்கினா எடுக்கும். அங்க நின்னா எடுக்காது. நாங்களே போட்டு வெச்சிருக்கோம்." ஒரு தூணுக்குப் பக்கத்தில் குறி அழிய அழியத் திரும்பத் திரும்பப் போட்டு, சாக்பீஸ் பொடி தரையோடு அப்பிப் போயிருந்தது. அத்தனை நாளும் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தக் குறிவரை நடந்துபோய், கையைத் தூக்கி, பச்சை விளக்கு வரும்வரை நின்று, திரும்பி வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கம்பெனியின் சப்போர்ட்டைக் கூப்பிட்டால் லாக் அனுப்பு, ஃபர்ம்வேரை அப்டேட் செய், மறுபடி லாக் அனுப்பு. ஒவ்வொரு தடவையும் புது ஆள், முதலிலிருந்து கதை. கடைசியில் தீர்த்துவைத்தது டீலர் அனுப்பிய ஒரு சின்னப் பையன். அவன் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "ஸ்கேனரைக் குடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு ரேக்குகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் நடந்தான்.

அவன் கண்டுபிடித்தது இதுதான். எல்லா அக்சஸ் பாயிண்டிலும் பவரை உச்சத்தில் வைத்திருந்தோம். அதன் குரல் ஸ்கேனருக்குக் கேட்கும், ஸ்கேனரின் சின்ன ரேடியோ பேசுவது அதற்குக் கேட்காது. அதோடு, எந்த அக்சஸ் பாயிண்டுக்கு எப்போது மாறுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது கையில் இருக்கும் கருவிதான். தூரத்தில் இருப்பதன் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அதையே பிடித்துத் தொங்கும். இதற்கு மேல், வேகமாக மாற உதவும் 802.11ஆர் என்ற வசதியை நானே ஆன் செய்து வைத்திருந்தேன், டேட்டா ஷீட்டில் அதற்கு மார்க் வேறு போட்டிருந்தேன். பழைய கருவிகள் சில அது ஆன் ஆன நெட்வொர்க்கில் ஒழுங்காக இணையவே இணையாது. எங்கள் ஸ்கேனர் அந்த ஜாதி. பவரைக் குறைத்து, 1, 2 மெகாபிட் போன்ற பழைய குறைந்த வேகங்களை நிறுத்தி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை (அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான்) பாதி அக்சஸ் பாயிண்டில் அணைத்து, ஸ்கேனருக்கு மட்டும் 802.11ஆர் இல்லாமல் தனி நெட்வொர்க் பெயர் கொடுத்தான். இதில் எதுவும் அந்தக் கம்பெனிக்கே உரிய விஷயம் இல்லை, மற்ற இரண்டில் எதை வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொன்னான். அக்சஸ் பாயிண்டுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுப்பது ஸ்விட்ச் என்ற பெட்டி. எங்கள் பழைய ஸ்விட்ச் 802.3ஏஎஃப் தரம், அதாவது ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். கேபிளில் இழப்பு போக அக்சஸ் பாயிண்டுக்குச் சேர்வது 13 வாட் அளவு. நான் வாங்கியது 802.3ஏடி கேட்கும், அது 30 வாட் தரம். மின்சாரம் போதாததால் அது ரேடியோவின் பாதியை அணைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது, யாருக்கும் தெரியவில்லை. நான்கு ஆன்டெனாவுக்கு மார்க் போட்டு வாங்கி, இரண்டை வைத்து ஓட்டியிருக்கிறேன். நீங்கள் புது ஸ்விட்ச் வாங்கினாலும் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். 24 போர்ட் ஸ்விட்ச் பலவும் மொத்தமாக 370 வாட்தான் கொடுக்கும், 24 போர்ட்டுக்கும் தலைக்கு 30 வைத்தால் 720 வேண்டும்.

இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். மேலே சொன்ன ஸ்விட்ச் விஷயத்துக்காக, அக்சஸ் பாயிண்ட் வாங்குவதற்கு முந்தைய வருஷமே, "ஸ்விட்ச் பழசு, மாற்றலாம்" என்று நான் மூன்று மெயில் போட்டிருந்தேன். காரணத்தைச் சரியாகச் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பதிலே இல்லை. அப்புறம் வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து, என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டு, அதையே வண்ணப்படத்தோடு பைண்ட் செய்து கொடுத்தார். மறுநாள் கையெழுத்து ஆனது. வேலை முடிந்த கூட்டத்தில் அவருக்குக் கைதட்டல், என்னிடம் பிரிண்டர் ஏன் ஓடவில்லை என்று கேள்வி. அதே ஆலோசகர் போகும்போது என்னிடம் கெஸ்ட் பாஸ்வேர்ட் கேட்டார், கொடுத்தேன். சரி, விடுங்கள்.

அப்படியென்றால் எந்தக் கம்பெனியானாலும் ஒன்றுதானா என்று கேட்பீர்கள். இல்லை. வித்தியாசம் ரேடியோவில் குறைவு, லைசென்ஸிலும் ஆதரவிலும் அதிகம். மெராக்கியில் வழக்கமான கோ-டெர்ம் முறை (எல்லா லைசென்ஸும் ஒரே நாளில் முடிவது) என்றால் லைசென்ஸ் முடிந்து 30 நாள் சலுகை, அதற்குள் புதுப்பிக்காவிட்டால் கருவி வேலை செய்யாது. உங்கள் கணக்குப் பிரிவு பில்லை நாற்பது நாள் வைத்திருக்கிற ரகமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்துக் கிளையை ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க அது சுகமானது, அதையும் சொல்ல வேண்டும். யூனிஃபையில் வருடாந்தர லைசென்ஸ் இல்லை, அக்சஸ் பாயிண்ட்களை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் மென்பொருளை உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். இரவு பதினோரு மணிக்குப் பிரச்சினை என்றால் பெரும்பாலும் நீங்களும் இணையமும்தான். (யூனிஃபை ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், என் வீட்டில் அதுதான்.)

கம்பெனிப் பெயரையும் ரொம்ப நம்பாதீர்கள். மெராக்கியை சிஸ்கோ வாங்கியது 2012இல், அருபாவை ஹெச்பி வாங்கியது 2015இல். ரக்கஸ் என்ற இன்னொரு வைஃபை கம்பெனி 2016இல் புரோகேடிடம், 2017இல் ஆரிஸிடம், 2019இல் காம்ஸ்கோப்பிடம் போனது. மிஸ்ட் என்ற வைஃபை கம்பெனியை 2019இல் ஜூனிப்பர் வாங்கியது, அந்த ஜூனிப்பரையே 2025இல் ஹெச்பிஈ (ஹெச்பியிலிருந்து பிரிந்து அருபாவை எடுத்துக்கொண்டு போனது) வாங்கிவிட்டதால் போட்டியாளர்களாக இருந்த அருபாவும் மிஸ்ட்டும் இன்று ஒரே கூரையின் கீழ்.

அதனால் கோட்டேஷன் கொடுத்த மூன்று பேரிடமும் இரண்டு அக்சஸ் பாயிண்ட் வீதம் இரண்டு வாரத்துக்குக் கடன் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். உங்கள் கட்டடத்திலேயே மோசமான மூலையில் மாட்டி, உங்களிடம் இருப்பதிலேயே பழைய கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தியபடியே நடந்து பாருங்கள். புது போனில் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அந்த இரண்டு வாரத்தில் ஒரு பொய்ப் புகாராவது போட்டுப் பாருங்கள், யார் போனை எடுக்கிறார்கள், எத்தனாவது ஆள் விஷயத்தைப் புரிந்துகொள்கிறார் என்று தெரிந்துவிடும். பிறகு இன்டீரியர் ஆட்கள் அக்சஸ் பாயிண்டை உலோகத் தகடு போட்ட ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அழகு கெடுகிறது என்பார்கள்.

உங்கள் கேள்வியில் ஸ்விட்ச் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைப் பார்த்து எழுதுங்கள், உங்களிடம் இருப்பதிலேயே பழைய கருவி என்ன என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு அந்த மூன்று கோட்டேஷனையும் பற்றிப் பேசலாம்.