குழுத் தலைமைச் சண்டை: அதிகாரத்தைப் பிரித்துக் கொடுங்கள்

கேள்வி: ஆளுக்கொரு கதைப் பாத்திரத்தை ஏற்று ஐந்து ஆட்டக்காரர்கள் விளையாடும் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு, கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டராக நான் இருக்கிறேன். ஒருவரின் பாத்திரம் பிரபு குலத்தில் பிறந்த போர்வீரன். இன்னொருவரின் பாத்திரம் தெருவில் வளர்ந்த திருடி. குழுவுக்குத் தலைமை தமக்கே என்று இருவரும் வாதிடுவதில், நான்கு மணி நேர அமர்வில் ஒரு மணி நேரமாவது கரைந்துபோகிறது. மற்ற மூவரும் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இருவரையும் மோதவிட்டு வென்றவரைத் தலைவராக்கலாமா? அல்லது கதையில் வரும் அரசியே ஒருவரை நியமித்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டையுமே தவிர்க்கச் சொல்வேன். நேருக்கு நேர் வாள்வீச்சில் போர்வீரனின் கையே ஓங்கும் என்பது பகடையை உருட்டும் முன்பே ஏறத்தாழத் தெரிந்த செய்தி. அப்படித் தோற்றவரின் ஆட்டக்காரர், அடுத்த கதவுக்கு முன் நிற்கும்போது அந்தத் தலைமையை ஏற்றுக்கொண்டு நடப்பார் என்று நம்ப இடமில்லை. பேச்சுத்திறனுக்கு இருபது முகப் பகடையை உருட்டி, ‘எனக்கு 20 விழுந்துவிட்டது, இனி நான் சொல்வதைக் கேள்’ என்பதும் இதே வகைதான்; கடைக்காரரையும் காவலரையும் மசிய வைக்க அந்த எண் போதும், ஆனால் இன்னொரு ஆட்டக்காரர் தம் பாத்திரத்தின் மனத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை அது பறிக்கக் கூடாது. அரசியின் நியமனமோ, உண்மையில் உங்கள் நியமனம். மேசையில் இருக்கும் எல்லோருக்கும் அது புரியும், தள்ளப்பட்டவரின் கோபம் உங்கள் பக்கம் திரும்பும்.

முதலில், சண்டையிடுவது பாத்திரங்களா ஆட்டக்காரர்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த அமர்வுக்கு முன் இருவரிடமும் தனித்தனியே, ‘தலைமையை உங்கள் பாத்திரம் இழந்தால், அதை விளையாடுவது உங்களுக்குச் சுவையாக இருக்குமா?’ என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே தம் பாத்திரத்தின் வீம்பைப் பற்றிப் பேசத் தொடங்குபவருக்கு இது கதைதான். அவரிடம் நீங்கள் மிச்சப்படுத்த வேண்டியது நேரத்தை மட்டுமே. மாறாக, பாத்திரத்தை விட்டுவிட்டு மற்ற ஆட்டக்காரரின் நடத்தையைப் பற்றிக் குறை சொல்பவருக்குக் கதைக்குள் எந்த மருந்தும் இல்லை. அதை ஆட்டத்துக்கு வெளியே, பாத்திரப் பெயர்களைச் சொல்லாமல், இருவரையும் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும்.

அடுத்ததாக, ‘தலைமை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை அதிகாரங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அந்நியர்களிடம் குழுவின் சார்பில் பேசுவது யார், வழியைத் தேர்வது யார், சண்டையின் நடுவே ‘பின்வாங்கு’ என்று கத்தும் உரிமை யாருக்கு, கிடைத்த பொருளைப் பங்கிடுவது யார் என்பவை நான்கு தனி வேலைகள். நான்கையும் ஒருவரே வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிரபு குலத்தவன் அரசவையில் பேசட்டும். சந்துபொந்துகளையும் பூட்டிய மாளிகைகளையும் திருடியே வழிநடத்தட்டும். பின்வாங்கும் சொல்லை, இதுவரை வாய் திறக்காத மூவரில் ஒருவருக்குக் கொடுங்கள். அந்தச் சொல் எழுந்தால் விவாதமில்லாமல் எல்லோரும் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். பல குழுக்கள் அழிவது தவறான தலைவரால் அல்ல, ஓடுவதா நிற்பதா என்று மூன்று சுற்றுகள் வாதாடியதால்தான் என்பது என் அனுபவம்.

இந்தப் பிரிவினை புதிதும் அல்ல. 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு அடிப்படை விதிநூல், குழுவின் முடிவுகளைக் கேம் மாஸ்டரிடம் எடுத்துச் சொல்ல ‘காலர்’ (caller) என்று ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. அவர் எல்லோருடைய விருப்பத்தையும் சரியாகத் தெரிவிக்கும் இடையாளர், மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடுபவர் அல்லர் என்றும் அதே நூல் தெளிவாக்கியது. (2008இல் வந்த நான்காம் பதிப்பு, குணப்படுத்தியும் தோழர்களுக்கு வலுவூட்டியும் துணை நிற்கும் பாத்திர வகைகளுக்கு ‘லீடர்’ என்று பெயர் வைத்துக் குழப்பியது வேறு கதை.)

பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தின் விதியொன்றை நீங்கள் கடன் வாங்கலாம். குழுவாக ஒரு செயலில் இறங்கும்போது அங்கே ஒருவர் வழிநடத்துகிறார். எல்லோரும் பகடை உருட்டுகிறார்கள், சிறந்த முடிவு குழு முழுவதற்கும் பொருந்துகிறது, ஆனால் 3 அல்லது அதற்குக் கீழே உருட்டிய ஒவ்வொருவருக்காகவும் வழிநடத்தியவர் ஒரு புள்ளி மன அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உங்கள் ஆட்டத்தில் மன அழுத்தத்துக்குக் கணக்கு இல்லையென்றால், எந்த வழி என்று முடிவெடுத்தவரே முதலில் உள்ளே நுழைய வேண்டும், கண்ணியின் முதல் அடியும் அவருக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அமர்வுகளுக்குள் தலைமைக்கான போட்டி எவ்வளவு தணிகிறது என்று பார்ப்பீர்கள்.

கேம் மாஸ்டரின் பங்கையும் மறைக்கக் கூடாது. ‘உங்களில் தலைவர் யார்?’ என்று கேட்கும் காவலரும் வணிகரும் உங்கள் வாயிலிருந்து வருபவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் நீங்களே சண்டைக்கு மணி அடிக்கிறீர்கள். அதற்குப் பதிலாக, காயம்பட்டவர் மருத்துவம் தெரிந்த பாத்திரத்தின் கையைப் பிடிக்கட்டும், நூலகர் மந்திரவாதியிடம் மட்டும் பேசட்டும். பேச வேண்டியவரின் பெயரை நீங்கள் முதலில் சொல்லிவிட்டால், முந்திக்கொள்ளும் பழக்கமுள்ள இருவருக்கும் இடைவெளி கிடைக்காது.

வாக்குவாதத்துக்கு மூன்று நிமிடம் என்று வரம்பு வைத்து, அது முடிந்ததும் கதையுலகை நகர்த்துங்கள்: பந்தம் அணையத் தொடங்கலாம், காவலரின் காலடி நெருங்கலாம். அப்போதும் முடிவு வராவிட்டால் கை உயர்த்தச் சொல்லுங்கள். ஐந்து பேர் என்பது வாக்கெடுப்புக்கு வசதியான எண்.

இருவரும் இந்தப் பகையை ரசிப்பவர்களாக இருந்தால், அதை அடியோடு அணைத்துவிட வேண்டாம். அமர்வுக்கு ஒரு காட்சி, கூடாரத்தின் முன்னாலோ பயணத்தின் ஓய்விலோ, அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். இரு ஆட்டக்காரர்களின் சம்மதமும் இல்லாமல் பாத்திரங்கள் ஒருவர்மேல் ஒருவர் ஆயுதம் ஓங்கக் கூடாது என்ற எல்லையை மட்டும் ஐவரும் கேட்கச் சொல்லிவிடுங்கள். பகை முற்றி ஒரு பாத்திரம் குழுவை விட்டு வெளியேறுவதே நியாயமான முடிவாகத் தோன்றினால், அந்தப் பாத்திரம் உங்கள் கைக்கு வர வேண்டும், அதன் ஆட்டக்காரர் புதிய பாத்திரத்துடன் அதே மேசைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.