தோட்டத்தை மேடாக்காதீர்கள், பாத்தியை மேடாக்குங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு. பின்புறம் 20 அடிக்கு 12 அடியில் சின்னத் தோட்டம். ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. போன மழையில் பப்பாளியும் கறிவேப்பிலையும் பட்டுப்போய்விட்டன. பழைய மாமரம் மட்டும் நிற்கிறது. நான்கு லோடு செம்மண் அடித்து மொத்தத் தோட்டத்தையும் ஓரடி உயர்த்திவிடலாம் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். மேட்டுப்பாத்தி போட்டால் போதும் என்கிறாள் தங்கை. எது சரி? பக்கத்துக் கார் ஷெட்டிலும் தண்ணீர் ஏறி உர மூட்டை, சாமான் எல்லாம் நனைகின்றன. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். - வாசகி, மடிப்பாக்கம்

பதில்: தங்கை சொன்னதுதான் சரி. அந்த நான்கு லோடு ஆசாமியை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். உங்கள் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே விழுகிறது? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ஆனால் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறது என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் நான் முதலில் தேடுவது டவுன் பைப்பின் வாயைத்தான். பல வீடுகளில் அது நேராகத் தோட்டத்துக்குள்தான் திறந்திருக்கும். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஒரு தண்ணீர் லாரியைப் பின்னுக்கு எடுத்து வந்து பப்பாளி மேல் திறந்துவிட்டது போல. பிறகு மண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? பைப்பைத் திருப்பி, வடிகட்டி வைத்து சம்ப்பில் விடுங்கள். சம்ப் நிறைந்தால் கிணற்றுக்கு விடுங்கள்.

"எங்கள் வீட்டில்தான் மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறதே" என்பீர்கள். இருக்கும். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். அனுமதி வாங்குவதற்காக மூன்றடி தோண்டி, ஜல்லி போட்டு, சிமென்ட் மூடி போட்டு, போட்டோ எடுத்த குழிகளை நான் நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். களிமண்ணில் மூன்றடிக் குழி என்பது தண்ணீர் நிரப்பி வைத்த தொட்டி, வேறொன்றுமில்லை. கீழே மணல் படுகை வரை போய்ச் சேர்ந்தால்தான் தண்ணீர் இறங்கும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மூடியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு கெட்ட யோசனையும் வரும். பிளம்பர் ஒருவர், "மழைத்தண்ணிய கழிவுநீர் சேம்பர்ல சேர்த்துவிட்டுடறேன் மேடம், ஒரே நாள் வேலை" என்பார். சேர்க்கவே சேர்க்காதீர்கள். பெருமழையில் தெருக் கழிவுநீர்க் குழாய் நிரம்பினால் அதே வழியாக உங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வரும். என்ன திரும்பி வரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது மண். உங்கள் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. கீழே ஈரம் விடாத களி. செடியைக் கொல்வது தண்ணீர் அல்ல, வேருக்குக் காற்று கிடைக்காததுதான். பப்பாளி இரண்டு நாள்கூடத் தாங்காது; கறிவேப்பிலையும் முருங்கையும் கொஞ்சம் மூச்சுப் பிடித்துப் பார்க்கும். ஓரடி ஆழம் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வற்றவிட்டு, மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் பாருங்கள். ஓர் அங்குலம் இறங்கினால் சமாளிக்கலாம். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த மண்ணைத் திருத்தப் பார்க்காதீர்கள். அதன் மேலே ஏறிப் போய்விடுங்கள். நாலு சட்டி மணலைக் களியில் கலப்பதாலும் ஒன்றும் ஆகாது, காய்ந்தால் செங்கல்தான்.

மொத்தத் தோட்டத்தையும் உயர்த்தினால் என்ன ஆகும்? அங்கே நின்ற தண்ணீர் காசி யாத்திரையா போகும்? வீட்டுச் சுவருக்கும் கார் ஷெட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். போதாததற்கு அந்த "லோடு" என்ற சொல். அதற்கு அளவே கிடையாது. லாரி பெரிதா சிறிதா, பக்கப் பலகை எவ்வளவு உயரம், யாருக்கும் தெரியாது. யூனிட் கணக்கில் கேளுங்கள். ஒரு யூனிட் 100 கன அடி. வந்த மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு நாள் வையுங்கள். அடியில் கட்டட இடிபாட்டுத் துண்டும் காரைப் பொடியும் தங்கினால், மேலே தூவிய செம்மண்ணுக்குத்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள் என்று அர்த்தம். இரவில் மண் இறக்குகிறேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

உங்களுக்குத் தேவை இவ்வளவுதான். 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் இரண்டு பாத்தி. நான்கடிக்கு மேல் அகலம் வேண்டாம். நடுவில் கை எட்டாமல் பாத்திக்குள் கால் வைப்பீர்கள், மண் மறுபடி இறுகிவிடும். எட்டு அங்குல ஹாலோ பிளாக் இரண்டு வரிசை வைத்து, 15 அங்குலம் வரை நிரப்புங்கள். கணக்குப் போட்டால் இரண்டு பாத்திக்கும் சேர்த்துச் சரியாக 100 கன அடி. அதில் பாதி மண், கால் பங்கு மக்கிய தொழு உரம், மீதிக் கால் பங்கில் உமி அதிகமாகவும் கழுவிய தென்னை நார்க்கழிவு கொஞ்சமாகவும். நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்கிற பொருள்; உங்களுக்கு அது கூடுதலாக வேண்டாம். ஆக வாங்க வேண்டிய மண் அரை யூனிட். நான்கு லோடு எங்கே, அரை யூனிட் எங்கே!

கீழ்வரிசை பிளாக்குகளுக்கு நடுவே சிமென்ட் பூசாதீர்கள். விரல் நுழைகிற இடைவெளி இருக்கட்டும். பாத்தியை வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், இரண்டடி விடுங்கள். மேஸ்திரி ஒட்டிப் போடத்தான் பார்ப்பார், அவருக்கு ஒரு பக்கச் சுவர் மிச்சம்.

அடியில் ஜல்லி போடச் சொல்வார்கள். எல்லாரும் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். என் வீட்டு எலுமிச்சையை அப்படித்தான் கொன்றேன். நனைந்த பஞ்சைச் சல்லடை மேல் வையுங்கள். சல்லடையில் எவ்வளவு ஓட்டை இருந்தாலும் பஞ்சு சொட்டச் சொட்ட ஊறிய பிறகுதான் தண்ணீரை விடும். மண்ணும் ஜல்லி மேல் அப்படித்தான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஜல்லி வேண்டாம். அதற்குப் பதில் அடியில் இருக்கிற களியைக் காய்ந்த காலத்தில் கடப்பாரையால் குத்திக் கிளறிவிட்டு, அதன் மேல் நேராக மண் கலவையைக் கொட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது கிளறினால் குயவர் மண் மிதித்த கதை.

ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகக் கேளுங்கள்: அந்த மாமரம். பாத்தி போட்டு மிஞ்சிய மண்ணை அதன் அடியில் குவித்து அழகாக ஒரு வட்டமேடை கட்டத் தோன்றும். வேண்டாம். மரத்துக்குச் சாப்பாடு எடுக்கிற வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கும். அதன் மேல் ஓரடி மண் ஏற்றினால் இத்தனை நாள் பழகிய காற்று அடைபடும். தண்டும் வேரும் சேருகிற கழுத்து மண்ணுக்குள் போனால் பட்டை ஊறி அழுகும். கொடுமை என்னவென்றால் மரம் உடனே சாகாது. முதல் வருடம் பூக்கக்கூடச் செய்யும். இரண்டாவது, மூன்றாவது வருடம் நுனிக்கிளை காயும். நீங்கள் பூச்சி என்று நினைத்து மருந்துக் கடைக்குப் போவீர்கள், அவரும் ஏதாவது விற்பார். மண் ஏற்றியதை அதற்குள் எல்லாரும் மறந்திருப்பார்கள். கிளை நிழல் விழுகிற வட்டத்துக்குள் மண் கொட்ட வேண்டாம், பாத்தியும் வேண்டாம். நிழலில் கத்தரி காய்க்கப்போவதும் இல்லை. மரத்தடியில் ஏற்கெனவே யாராவது மண் அணைத்திருந்தால், கழுத்து தெரிகிற வரை மெல்லக் கையால் விலக்கிவிடுங்கள்.

மேட்டுப்பாத்தி போட்டாலும் நடைபாதையில் தண்ணீர் நிற்கும். பாத்தி தண்ணீரை வெளியேற்றாது, வேரை அதிலிருந்து தூக்கி வைக்கும், அவ்வளவுதான். 20 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் ஒரு மூலைக்கு வரும். அங்கிருந்து எங்கே போகும்? தெரு உங்கள் வீட்டைவிட உயரம் என்றால் எங்கேயும் போகாது. தெரு மேலும் மேலும் உயராமலிருக்க, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுதினார். அதைப் படிக்க வேண்டியவர்கள் படித்தார்களா என்பது உங்கள் வாசற்படியைப் பார்த்தால் தெரியும். தண்ணீர் வடிய, துளை போட்ட குழாய் புதைத்துத் தருகிறேன் என்று வருகிறவரிடம் "வெளியேறும் வாய் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணமும் இல்லை. அந்த மூலையில் கல்வாழையும் சேம்பும் வையுங்கள். சின்ன மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கார் ஷெட் விஷயம் சுலபம். 2015இலோ 2023 மிக்ஜாமிலோ தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் கறை இருக்கும். அதற்கு ஓரடி மேலே பெயின்ட்டால் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே தண்ணீரில் கெடாதவை மட்டும்: தொட்டி, பிளாஸ்டிக் கூடை, மம்பட்டி, மீந்த ஹாலோ பிளாக். மேலே ஸ்லாட்டட் ஆங்கிளில் இரும்பு ரேக் அடித்து உரம், விதை, கருவிகள். பிளைவுட் அலமாரி செய்து தருகிறேன் என்கிறவரும் அந்த லோடு ஆசாமிக்கு உறவுதான். பிளக் பாயின்ட்டும் இன்வெர்ட்டரும் கோட்டுக்கு மேலே ஏறட்டும், எலக்ட்ரீசியனை வைத்து.

பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் கசிந்து சேர்ந்தால் குளோரின் வாயு. பூச்சிமருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டி வையுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டிவிட்டு, அப்புறம் பாத்தி வேலையைத் தொடங்குங்கள்.