ஆக்சஸில் உள்ள பொறியியல் தரவுத்தளத்தை அஸூர் எஸ்க்யூஎல்லுக்கு மாற்றுவது எப்படி?

பம்பு, வால்வு, குழாய் விவரங்கள் அடங்கிய ஆக்சஸ் (மைக்ரோசாப்டின் தரவுத்தள மென்பொருள்) கோப்பை, படிவங்களை இழக்காமல் கிளவுடுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அட்டவணைகளை மட்டும் மைக்ரோசாப்டின் கிளவுடு தரவுத்தளமான அஸூர் எஸ்க்யூஎல்லுக்கு நகர்த்திவிட்டு, படிவங்களும் அறிக்கைகளும் உள்ள ஆக்சஸ் கோப்பை ஓடிபிசி என்ற தரவுத்தள இணைப்பு முறை வழியாக அவற்றுடன் இணைத்துக்கொள்ளலாம். ஆக்சஸ் கோப்பின் உச்சவரம்பான 2 ஜிபி என்ற தடையும் நீங்கும்.

நகர்த்துவதற்கு மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் எஸ்எஸ்எம்ஏ கருவி போதும். சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. அழுத்தம், விட்டம் போன்ற அளவுகளை மிதவைப் புள்ளி எண்களாக (தோராயமாகச் சேமிக்கப்படும் தசம எண்கள்) வைத்திருந்தால், ஒரு வரிசையைத் திருத்திச் சேமிக்கும்போது ஆக்சஸ் பழைய மதிப்பையும் சர்வரில் உள்ள மதிப்பையும் ஒப்பிட்டு, கடைசி இலக்கங்களில் தோன்றும் நுண்ணிய வேறுபாட்டைக் கண்டு, வேறு யாரோ அதை மாற்றிவிட்டதாகத் தவறாக எச்சரிக்கக்கூடும். அட்டவணையில் ரோவெர்ஷன் வகை நெடுவரிசை (வரிசை திருத்தப்படும்போதெல்லாம் தானே மாறும் மதிப்பு) ஒன்றைச் சேர்த்தால், ஒப்பீடு அதைக் கொண்டே நடக்கும். ஆம்/இல்லை புலங்களில் வெற்று மதிப்பு இருந்தாலும் இதே எச்சரிக்கை வரும் என்பதால், அவற்றுக்கு இயல்பு மதிப்பு கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வேகம். வினவலின் நிபந்தனையில் ஆக்சஸின் நிரல்மொழியான விபிஏவில் நீங்களே எழுதிய செயற்கூறு இருந்தால், அது சர்வரில் இயங்காது. ஆகவே அட்டவணையின் வரிசைகள் மொத்தமாக இணையம் வழியே உங்கள் கணினிக்கு வந்த பின்னரே வடிகட்டப்படும். அலுவலக வலையமைப்பில் அவ்வளவாக உறுத்தாத இந்தக் குறை, கிளவுடில் படிவத்தையே முடக்கிவிடும். அத்தகைய வினவல்களைச் சர்வரில் வியூக்களாக (சர்வரிலேயே சேமிக்கப்பட்டு இயங்கும் வினவல்கள்) மாற்றி எழுதுவதற்கே, என் கணிப்பில், அதிக நாட்களை ஒதுக்க வேண்டியிருக்கும்.

கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இணைப்புப் (அட்டாச்மென்ட்) புலங்களில் வரைபடங்கள் இருந்தால் அவற்றைத் தனிக் கோப்புகளாக எடுத்து, அட்டவணையில் அக்கோப்புகளின் முகவரியை மட்டும் வையுங்கள்.