கிளாஸ்கோவில் உங்களுக்குத் தெரியாமலே வந்த தீர்ப்பு: ரீகால் கேட்கலாம்

உங்களுக்குத் தெரியாமலே உங்களுக்கு எதிராக வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். 5,000 பவுண்டு வரையிலான சிம்பிள் புரொசீஜர் (சிறு தொகைகளுக்கான எளிய நடைமுறை) வழக்கு இது. உங்களிடமிருந்து பதில் படிவம் போகாததால்தான் தீர்ப்பு வந்திருக்கிறது என்றால், அந்தத் தீர்ப்பு முழுமையாக நிறைவேறும் வரை அதே ஷெரிஃப் கோர்ட்டில் (ஸ்காட்லாந்தின் உள்ளூர் கோர்ட்) ரீகால் மனு, அதாவது தீர்ப்பைத் திரும்பப் பெறக் கேட்கும் மனு, கொடுக்கலாம். நிரப்பிய பதில் படிவத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

வீடு மாறியதாகச் சொல்கிறீர்கள். வழக்குத் தாள் பழைய முகவரிக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். எந்த முகவரிக்கு, என்றைக்கு, எப்படிச் சேர்ப்பித்தார்கள் என்று ஷெரிஃப் கிளார்க்கிடம் (கோர்ட் அலுவலர்) வழக்கு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தேதியில் நீங்கள் புது வீட்டில் இருந்ததற்கு வாடகை ஒப்பந்தமோ கவுன்சில் வரி பில்லோ எடுத்து வையுங்கள்.

ஷெரிஃப் ஆபீசர் (தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரி) கொடுத்த, பணம் கட்டச் சொல்லும் நோட்டீஸில் 14 நாள் கெடு இருக்கும். அது முடிந்தால் சம்பளத்தில் பிடிக்க வழி திறந்துவிடும், அதனால் மனு அதற்குள் போகட்டும்.

பயந்துபோய் முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள், ப்ளீஸ். கட்டினால் தீர்ப்பு நிறைவேறியதாகி ரீகால் வாய்ப்பே போய்விடும். அப்புறம், இங்கிலாந்துக் கோர்ட் படிவங்கள் ஸ்காட்லாந்தில் செல்லாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஸ்காட்லாந்தில் இலவசமாக உதவுவார்கள்.