டாஹோ கேபினுக்குப் போகிறவர்கள் கேட்ட கரடிக் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, வார இறுதியில் டாஹோ ஏரிப் பக்கம் கேபின் எடுத்துத் தங்குகின்றன. சிலர் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். அங்கிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

சவுத் லேக் டாஹோவில் முதல் முறையாகத் தங்கப் போகிறோம். சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். கரடி வருமாமே, ஆபத்தா? (சன்னிவேல்)

வரும், அது அதன் ஊர். டாஹோவில் இருப்பது கருங்கரடி மட்டும்தான். பழுப்பாகவோ செம்பட்டையாகவோ தெரிந்தாலும் அதே இனம்தான். கிரிஸ்லி கரடி கலிஃபோர்னியாவில் 1920களிலேயே அற்றுப்போய்விட்டது. கருங்கரடி இயல்பில் மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் விலங்கு. மாநிலத்தில் சுமார் 60,000 கருங்கரடிகள் இருப்பதாக அரசு மதிப்பிடுகிறது. அப்படியிருந்தும் கருங்கரடி தாக்கி ஒருவர் இறந்ததாக அங்கே உறுதியான முதல் சம்பவமே 2023 நவம்பரில் நடந்ததுதான். டவுனிவில் என்ற சிற்றூரில், வீட்டுக்குள் புகுந்த கரடியால் நேர்ந்தது அது. எனவே தாராளமாகப் போய்வாருங்கள். இருட்டிய பிறகு குழந்தைகளை வெளியே தனியாக விடாதீர்கள். நாய் இருந்தால் வாரிலேயே வைத்திருங்கள். கரடியைத் துரத்திக்கொண்டு ஓடும் நாய், பல நேரம் அதை உங்களிடமே கூட்டிவந்துவிடும்.

எங்கள் கேபினில் குப்பை வைக்க இரும்புப் பெட்டி இருக்கிறது. ஞாயிறு மாலை கிளம்பும்போது அது நிரம்பிவிடுகிறது. மிச்சப் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வரலாமா? மறுநாள் வண்டி வந்து எடுத்துவிடுமே. (ஃப்ரீமாண்ட்)

தயவுசெய்து வைக்காதீர்கள். டாஹோவில் கரடிகள் சாவதற்கு இந்த ஒற்றைப் பைதான் தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

இலையுதிர் காலத்தில் கரடி குளிர்காலத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கிறது. அப்போது ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். காட்டில் புழு, எறும்பு, பழம், கொட்டை என்று நாள் முழுக்கத் தேடினால்தான் அவ்வளவு கிடைக்கும். நெய்ச்சோறும் கோழி எலும்பும் கிடக்கும் பை ஒன்று, அதில் பெரும்பங்கைப் பத்தே நிமிடத்தில் கொடுத்துவிடுகிறது. கரடிக்கு நல்ல ஞாபகசக்தி. அதே இடத்துக்குத் திரும்ப வரும். குட்டிகள் ஒன்றரை ஆண்டு தாயோடு திரிவதால் அவையும் அங்கேயே பாடம் படிக்கும். இன்று குப்பைப் பை, அடுத்து சமையலறை ஜன்னல், அப்புறம் ஃப்ரிட்ஜ். வீட்டுக்குள் நுழையப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிடுவதும் உண்டு. பை வைத்தவர் அந்நேரம் ஊர் திரும்பி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

பெட்டியில் இடமில்லையென்றால் பையை இறுகக் கட்டி வண்டியில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள். மீன், கறிக் கழிவைக் கிளம்பும்வரை ஃப்ரீசரில் வைத்தால் நாற்றம் எழாது. பெட்டியின் கொக்கி விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். கிரில்லைச் சூடாக்கிச் சுரண்டிக் கழுவுங்கள். வெளியே போகும்போதும் தூங்கும்போதும் கீழ்த்தள ஜன்னல்களை மூடுங்கள். பறவைக்குத் தீனி தொங்கவிட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், சூரியகாந்தி விதை கரடிக்கு விருந்து. ஆசைப்பட்டு நாமே கரடிக்கு எதையாவது போடுவது கலிஃபோர்னியாவில் சட்டப்படி குற்றம்.

காரில் ஒரு முறுக்குப் பொட்டலம் மட்டும்தான். அதற்கும் வருமா? (சான் ஹோசே)

வரும். பபிள்கம்முக்கும் வரும், வாசனையுள்ள சன்ஸ்கிரீனுக்கும் வரும். கைப்பிடியை இழுத்துக் கதவு திறக்க அதற்குத் தெரியும். உள்ளே போனபின் கதவு தானாகச் சாத்திக்கொண்டால் வெளியே வரத் தெரியாமல் இருக்கையையும் டாஷ்போர்டையும் கிழித்துவிடும். குழந்தை இருக்கையில் சிந்திய பிஸ்கட் தூள்வரை துடைத்துவிட்டுக் காரைப் பூட்டுங்கள். கரடி உள்ளே மாட்டிக்கொண்டால் நீங்கள் கதவருகே போகவேண்டாம், 911க்குக் கூப்பிடுங்கள். கைப்பிடியில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்துத் திறக்கும் பழக்கம் காவல்துறையினருக்கு உண்டு.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால்? (சாக்ரமெண்டோ)

ஓடாதீர்கள். அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், மரமும் ஏறும். நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, உரத்த குரலில் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் கோபம் என்று பொருளில்லை, உங்களை மோப்பம் பிடிக்கிறது. சீறுவதும், பல்லைக் கடகடப்பதும், தரையில் அறைவதும் "தள்ளிப் போ" என்ற எச்சரிக்கை. கரடி வீட்டுக்குள் இருந்தால் அது வெளியேற வழி விட்டு நில்லுங்கள். வழியை அடைத்துவிடக் கூடாது. அரிதாக உண்மையிலேயே தாக்கினால், செத்ததுபோல் படுக்காமல் முகத்தைக் குறிபார்த்துத் திருப்பி அடிக்க வேண்டும்.

பேர் ஸ்ப்ரேயை (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை) கூடாரத்தைச் சுற்றி அடித்துவைக்கலாமா? (சியாட்டில்)

கூடாது. காய்ந்தபின் அந்த வாசனை கரடியை வரவழைக்கக்கூடும். பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு நேரே அடிப்பதற்குத்தான் அது. விமானத்தில் கொண்டுபோகவும் அனுமதியில்லை.

எங்கள் தெருவில் ஒரு கரடி மூன்று வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. பிடித்துக் காட்டில் விடவேண்டியதுதானே? (டாஹோவில் வீடு வைத்திருப்பவர்)

உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் பிடித்து வேறிடத்தில் விட்ட கரடி வெகுதூரம் நடந்து திரும்பி வருவது சகஜம். வராவிட்டால் போன இடத்தில் உள்ள வீடுகளுக்குள் நுழையும். அதோடு, எந்தக் கரடி என்பதிலும் குழப்பம் வரும். 2022இல் 'ஹாங்க் தி டாங்க்' என்று பெயர் வைத்து, ஏறக்குறைய 225 கிலோ எடையுள்ள ஓர் ஆண் கரடிமேல் எல்லாப் பழியையும் போட்டார்கள். மரபணுச் சோதனையில் குறைந்தது மூன்று கரடிகள் என்று தெரிந்தது. 2023 ஆகஸ்டில் பிடிபட்டது ஒரு பெண் கரடி, கூடவே மூன்று குட்டிகள். குறைந்தது 21 வீடுகளில் அது நுழைந்தது மரபணு மூலம் உறுதியானது. தாயைக் கொலராடோவில் ஒரு சரணாலயத்துக்கும், குட்டிகளைக் காட்டுக்குத் திரும்பப் பழக்கும் மையத்துக்கும் அனுப்பினார்கள். இப்படி இடம் கிடைப்பது அபூர்வம். உங்கள் தெருவில் கதவு, ஜன்னல் முன்னால் மின்பாய் விரிப்பதுதான் பலன் தரும். ஆபத்தில்லாத அதிர்ச்சி கொடுக்கும், கரடி அந்த வாசலைத் தவிர்க்கப் பழகும்.

டெக்குக்கு (வீட்டை ஒட்டிய மரத்தளத்துக்கு) அடியில் ஏதோ முனகும் சத்தம் கேட்கிறது. ஜனவரி மாதம். (ட்ரக்கி)

குட்டி போட்டிருக்கலாம். ஜனவரி, பிப்ரவரிதான் பிரசவ காலம். பலகை வைத்து அடைத்துவிடாதீர்கள், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். குளிர்காலத் தூக்கத்திலும் தாய் சட்டென்று விழித்துக்கொள்ளும். மாநில வனவிலங்குத் துறையிடம் சொல்லுங்கள். அவை வெளியேறி, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதியானபின் அடைத்துக்கொள்ளலாம்.

அம்மா கோத்தகிரியில் இருக்கிறார். அங்கேயும் கரடி வருகிறது. நீங்கள் சொல்வதெல்லாம் அவருக்கும் பொருந்துமா? (டப்ளின், கலிஃபோர்னியா)

எல்லாம் பொருந்தாது, இதைக் கவனமாகச் சொல்லிவிடுங்கள். நீலகிரியில் இருப்பது ஸ்லாத் பேர் (sloth bear) என்ற வேறு இனம். புலி, சிறுத்தையோடு சேர்ந்து வாழ்ந்து பழகிய அந்தக் கரடி, கிட்டத்தில் திடுக்கிட்டால் ஓடாமல் பாய்ந்துவிடும். அதை எதிர்த்து அடிக்க நினைக்கக் கூடாது. பாய்ந்தால் குப்புறப் படுத்துப் பின்கழுத்தை இரு கைகளாலும் பொத்திக்கொள்வதே நல்லது. திடுக்கிட வைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். விடியற்காலையிலும் அந்திக்குப் பிறகும் அம்மா தேயிலைத் தோட்டப் பாதையில் தனியாக நடக்க வேண்டாம். போயே ஆகவேண்டுமென்றால் டார்ச்சோடு, பேசிக்கொண்டே, துணையோடு போகட்டும். அங்கே கரடிகள் விளக்கு எண்ணெயையும் நெய்யையும் தேடிக் கோயில்களுக்குள்ளும் புகுகின்றன. பூசை முடிந்ததும் மிச்ச எண்ணெயை அங்கேயே வைக்காமல் எடுத்துப்போகச் சொல்லிப் பூசாரியிடம் அம்மாவே பேசிப் பார்க்கலாம்.