தாலி கட்டியது கோயிலில், பதியவில்லை. சட்டம் காக்குமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார்: கணவர் வன்னிக்காரர், 2009 கடைசிப் போரில் தப்பியவர், யூஎன் கார்டு, அதாவது ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் அட்டை வைத்திருக்கிறார். பட்டாசு வெடித்தாலே நடுங்குகிறார், ராத்திரியில் அலறி எழுகிறார். குடித்துவிட்டால் இவரையும் மகனையும் அடிக்கிறார். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை. புகார் கொடுத்தால் அவரைப் பிடித்துப் போய்விடுவார்களோ என்று பயம். இதற்கிடையில் ஒருவர், "எல்லா இடத்திலும் பேசி முடித்துத் தருகிறேன்" என்று 2,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறாராம்.

முதலில், அந்த ஆளுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். யூஎன் செய்யும் எந்த உதவிக்கும் கட்டணம் கிடையாது. சமூக நல இலாகாவிலும் பாதுகாப்பு கேட்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்த ஏஜெண்டுகள் விற்பது உங்கள் பயத்தைத்தான். ஒருமுறை கொடுத்தால் மாதாமாதம் வாசலில் நிற்பார்கள். கார்டை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனை குடும்பங்களில் பார்த்துவிட்டேன்!

அடுத்து, பதியாத கல்யாணம். 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனைவி என்றால், சமயப்படியோ வழக்கப்படியோ சடங்கு செய்து கட்டிக்கொண்டவரும் சேர்த்திதான். பதிந்திருக்க வேண்டியதில்லை, பதியவே முடியாத கல்யாணமாக இருந்தாலும் செல்லும். திரும்பவும் சொல்கிறேன், உங்கள் தாலி செல்லும். கல்யாணப் படம், கோயில் ரசீது, ஐயர், வந்திருந்த சொந்தக்காரர் எதுவும் உதவும். ஆனால் சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. சமூக நல இலாகா கவுண்டரில் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், மேலதிகாரியைப் பார்க்காமல் நகராதீர்கள். இத்தனை வருஷமாக இருக்கிற சட்டத்தை அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அங்கே ஈபிஓ, அதாவது அவசரப் பாதுகாப்பு ஆணை கேளுங்கள். போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. விண்ணப்பித்த 2 மணி நேரத்தில் தர வேண்டும், 7 நாள் செல்லும். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் போலீஸ், நீதிமன்றம் என்று போக வேண்டும். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, யூஎன் கார்டு பாஸ்போர்ட்டும் ஆகாது. அதனால் உங்கள் பயம் வீண் பயமில்லை. ஆகவே அந்த 7 நாளுக்குள் நடந்ததை யூஎன் அலுவலகத்துக்கு நீங்களே நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, அவருடைய நோய். கெட்ட கனவும் திடுக்கிடலும் போர் விட்டுப்போன காயம். அதற்குப் பேச்சு சிகிச்சை, மாத்திரை இரண்டும் உண்டு. சம்சு, அந்த மலிவுச் சாராயம், அதைக் கிளறத்தான் செய்யும். யூஎன் கார்டைக் காட்டினால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. ஆனால் நடுங்குவது நோய், உங்களை அடிப்பது நோயில்லை. போரிலிருந்து வந்த எல்லாரும் மனைவியை அடிப்பதில்லை. அவர் சிகிச்சைக்குப் போகும்வரை நீங்களும் பிள்ளையும் அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

அடையாள அட்டை, மகனின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் பணம் இவற்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் இன்றே கொடுத்து வையுங்கள். அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே (Talian Kasih) எண் 15999, ராத்திரியிலும் எடுப்பார்கள். காயம் பட்டால் நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், அடித்தது யார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள்.